வெள்ளவத்தை அம்மாவின் குளிசைப் பை: மனச்சோர்வும் நரம்புக்கடத்திகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

68 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு வெளிக்கிட்டு, வன்னி, வவுனியா என்று அலைந்து, கடைசியில் கொழும்பில் மகளோடு வந்து சேர்ந்தவர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் வீடு. கணவர் இறந்து மூன்று வருடம். மகன் ரொறொன்ரோவில். ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மாவும் மகளும் எழுதச் சம்மதித்தார்கள்.

"மருந்து தொடங்கி அஞ்சு கிழமை, டொக்டர். அம்மா முந்தியையும் விட மோசம்" என்றுதான் மகள் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேலாகவே அம்மா ஒடுங்கிப் போயிருந்தார். சந்தைக்குப் போவதை விட்டார். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலுக்குப் போவது நின்றது. தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு, பிறகு நித்திரை இல்லை. உடம்பில் ஏழு கிலோ குறைந்திருந்தது. குடும்ப வைத்தியர் ஒருவர் இது மனச்சோர்வு என்று சரியாகவே கண்டுபிடித்து, செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எழுதியிருந்தார். முதல் கிழமை குமட்டல். மூன்றாம் கிழமையிலிருந்து சோர்வு கூடியது. கடைசிப் பத்து நாளில் பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். ஒரு இரவு குளியலறைக்குப் போக எழும்பி, வழி தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். டிமென்ஷியாவோ (முதுமை மறதி நோயோ) என்ற பயத்தில்தான் மகள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார்.

அம்மாவிடம் கேட்டபோது பதில் வர நேரம் எடுத்தது. "என்னத்தைச் சொல்லுறது பிள்ளை. ஒண்டுக்கும் மனமில்லை. அவர் போனாப் பிறகு நான் ஏன் இருக்கிறன் எண்டு விளங்கேல்லை." சாகவேண்டும் போல் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. "கடவுள் கெதியாக் கூப்பிட்டா நல்லம். நானாச் செய்யமாட்டன்" என்றார். திட்டம் ஏதும் இல்லை, முன்பு முயன்றதும் இல்லை. ஆனாலும் வீட்டிலுள்ள குளிசைகள் எல்லாவற்றையும் மகள் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்று சொல்லி, 1926 என்ற இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். அது அங்கொட தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் என்றதும் மகளின் முகம் சுருங்கியது. கொழும்பில் அந்த ஊர்ப் பெயர் இன்னமும் ஏச்சுச் சொல்லாகத்தான் புழங்குகிறது. "போன் எடுக்கிறதுக்கு அங்க போகத் தேவையில்லை" என்று சொன்ன பிறகுதான் கடதாசியை வாங்கிக்கொண்டார்.

பை

வயதானவர்கள் வந்தால் குளிசைப் பையைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். கிளினிக் கொப்பியில் இருப்பது ஒரு கதை, பையில் இருப்பது இன்னொரு கதை. இந்த அம்மாவின் பையில் நீரிழிவுக்கு மெட்போமின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷருக்கு லொசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும், புதிதாக வந்த செர்ட்ரலின். இவை எல்லாம் கொப்பியிலும் இருந்தன.

கொப்பியில் இல்லாத ஒன்று, மருந்துக்கடைக்காரர் மடித்துத் தந்த சிறிய கடதாசி உறையில் இருந்தது. மேலே சிங்களத்தில் 'தலைச்சுற்றுக்கு' என்று கையால் எழுதி, ஒன்று வீதம் மூன்று வேளை என்று குறித்திருந்தது. உள்ளே சின்னரிசின் 25 மில்லிகிராம். கணவர் இறந்து சில மாதங்களில், கட்டிலில் திரும்பிப் படுத்தால் அறை சுற்றுகிறது என்று எங்கோ காட்டியபோது எழுதிக் கொடுத்தது. இரண்டு கிழமைக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். உறை முடிய முடிய அதே உறையைக் காட்டி வாங்கி வாங்கி, இரண்டரை வருடம் போயிருந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. துண்டில்லாமல் பழைய உறையைக் காட்டி மருந்து வாங்குவது இங்கே நாளாந்தம் நடக்கிற காரியம்.

இந்த நோயாளியைப் பொறுத்தவரை அந்தப் பையில் இருந்த மூன்று குளிசைகள்தான் கதையின் பெரும்பகுதி. சின்னரிசின், தயசைட் (அந்த ஹைட்ரோகுளோரோதயசைட்), செர்ட்ரலின்.

பரிசோதனை

கதவைத் திறந்து வந்த நடையிலேயே ஏதோ சரியில்லை. கால்கள் தரையை உரசின. கைகள் இரண்டும் பக்கத்தில் ஒட்டியபடி, வீச்சே இல்லை. உட்கார்ந்தபின் கண் இமைப்பது அபூர்வம். முகத்தில் கவலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. மணிக்கட்டை வளைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் விட்டு விட்டு இறுகியது. விரல்களை விரித்தால் மெல்லிய நடுக்கம். செர்ட்ரலின் தொடங்கிய பிறகு நடுக்கம் கூடியதாக மகள் சொன்னார்.

அம்மா வீட்டுக் கணக்கு எழுதும் கொப்பியை மகளிடம் எடுத்துவரச் சொன்னோம். தமிழ் படிப்பித்தவரின் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முந்திய பக்கங்களில் 'ஞ'வும் 'ழ'வும் அச்சில் வார்த்தது போல. பக்கம் புரட்டப் புரட்ட எழுத்துச் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில் 'பருப்பு அரைக் கிலோ' என்ற வரி தொடங்கிய அளவில் முடியவில்லை; வரியின் நுனியில் எறும்பளவு. பிறகு வெறும் பக்கங்கள். எழுத மனமில்லாமல் விட்டாரா, எழுத ஏலாமல் விட்டாரா? இரண்டுமே மூளையில் ஒரே பகுதிக்கு அருகில் போய் முட்டுகிற கேள்விகள்.

இறுக்கம், மந்தம், சிறுத்த எழுத்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது பார்கின்சன் நோய். பார்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கணிசமான மனச்சோர்வு இருக்கும். சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மனச்சோர்வு வந்துவிடும். ஆனால் பார்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், மோப்பமும் மங்கிப்போகும். இவருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு. கண்ணை மூடச் சொல்லி, தாதி ஒருவரின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை நசுக்கி மூக்கருகே பிடித்தோம். "ஏலம்" என்றார் உடனே. அன்று அவர் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். இது உறுதியான பரிசோதனை அல்ல, ஆனால் எந்தப் பக்கம் போவது என்று காட்டியது.

முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளில் 12 புள்ளி. இரத்தத்தில் சோடியம் 121. சாதாரணமாக 135இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது. தைரொயிட், கோட்டிசோல், பி12 சரி. மெட்போமின் பல வருடம் எடுப்பவர்களிடம் பி12 பார்க்காமல் விடக்கூடாது. மூளை ஸ்கானில் வயதுக்கு மீறி எதுவும் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சோடியம் குறைவிலேயே கிடைத்துவிட்டது. அன்றே வார்ட்டில் சேர்த்தோம்.

மூன்று குளிசைகள், இரண்டு கடத்திகள்

சின்னரிசின் தலைச்சுற்றுக்கான மருந்து என்றுதான் பல நாடுகளில் விற்பனையாகிறது. ஹிஸ்டமினைத் தடுக்கும், கல்சியம் நரம்புக்குள் போகும் வழியை அடைக்கும். அதோடு, நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனங்களில் (நரம்புக்கடத்திகளில்) ஒன்றான டோபமின் போய்ப் பிடிக்கும் டி2 ஏற்பிகளையும் ஓரளவு மறிக்கும். சில கிழமைக்கு எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் எடுக்கும் முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, பார்கின்சன் போன்ற இறுக்கமும் அதோடு மனச்சோர்வும் வருவதாக 1980களிலேயே ஸ்பெயினிலிருந்தும் ஆர்ஜென்டினாவிலிருந்தும் அறிக்கைகள் வந்தன. அதன் நெருங்கிய உறவான புளுனாரிசினுக்கும் இதே கதைதான். அதை ஒற்றைத் தலைவலிக்குக் கொடுப்பார்கள்.

டோபமின் என்றால் மகிழ்ச்சி தரும் இரசாயனம் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். இந்த அம்மா சொன்னதைக் கவனித்தால் அது எவ்வளவு பிழை என்று தெரியும். ஒருநாள் மகள் வற்புறுத்திக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "போனா நல்லாத்தான் இருந்தது பிள்ளை. காத்து வந்தது, கொஞ்சம் கதைச்சம். ஆனா அடுத்த நாளும் போவம் எண்டு மனம் வருதில்லை." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் டோபமின் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளில் டோபமினைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துப் பார்த்தார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை வழக்கம்போல் சப்புக்கொட்டின. அதைத் தேடிப் போகத்தான் மாட்டா. சுவைப்பது ஒரு காரியம், நாடுவது இன்னொரு காரியம். வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இதற்குத் துணை. பழச்சாறு வாயில் விழும்போதைவிட, சாறு வரப்போகிறது என்ற அறிகுறி தெரியும்போதுதான் டோபமின் நரம்புகள் துடிக்கப் பழகுகின்றன. நடுமூளையிலிருந்து முன்பக்கம் போகும் இந்தப் பாதை மந்தமானால் மனிதர் அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. எழும்பிப் போக ஒரு காரணம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அருகில் ஓடும் இன்னொரு டோபமின் பாதை கையையும் காலையும் இயக்குகிறது. இரண்டரை வருடம் டி2 ஏற்பியை மறித்ததில் இரண்டு பாதையும் சேர்ந்து மந்தமாகியிருக்கின்றன.

அதன்மேல் வந்தது செர்ட்ரலின். நரம்பு முனையில் வெளிவந்த செரட்டோனின் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கும் மருந்து. மனச்சோர்வுக்கு நல்ல மருந்துதான், நானே நிறைய எழுதுகிறேன். ஆனால் செரட்டோனின் மனநிலைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது. முதல் கிழமைக் குமட்டல் அங்கிருந்து. மூளைத்தண்டின் நடுக்கோட்டிலிருந்து கிளம்பும் செரட்டோனின் நரம்புகள் சில இடங்களில் டோபமின் நரம்புகளை அடக்கி வைக்கின்றன. ஏற்கெனவே டோபமின் மறிக்கப்பட்ட ஒருவருக்கு நடுக்கம் கூடுவது அதனால் இருக்கலாம். இன்னொரு பக்கம், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்பிரெசின் ஹோர்மோனைச் செரட்டோனின் தூண்டிவிடுகிறது. தண்ணீர் வெளியேறாமல் உடம்பில் தங்க, சோடியம் ஐதாகிறது. தயசைட் அதே நேரம் சிறுநீரகத்தில் உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வயதான பெண், தயசைட், செரட்டோனின் மருந்து: இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் இரண்டு கிழமைக்குள் ஒருமுறை சோடியம் பார்த்தே ஆகவேண்டும். இவருக்குப் பார்க்கப்படவில்லை.

மகன் கேட்ட கேள்வி

வார்ட்டுக்கு அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் மகன் வந்தார். ரொறொன்ரோவில் நடுச்சாமம். நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். "டொக்டர், அம்மாவின்ர செரட்டோனின் லெவலை ஒருக்கா செக் பண்ணிப் பாக்கேலாதா? குறைவா இருந்தா மருந்தைக் கூட்டுங்கோவன். 5-எச்டிபி கப்சூல் இங்க கடையில இருக்கு, அனுப்பட்டோ?"

கப்சூலை உடனே வேண்டாம் என்றேன். அது உடம்பில் செரட்டோனினாக மாறும் பொருள். செர்ட்ரலின் உடம்பில் இருக்கும்போது அதையும் சேர்த்தால் காய்ச்சல், உதறல், குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குப் போகலாம். பரிசோதனைக் கேள்விக்கு நேரம் எடுத்தேன், ஏனெனில் அதை இவர் மட்டும் கேட்பதில்லை.

இரத்தத்தில் செரட்டோனினை அளக்கலாம். ஆனால் இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் குருதிச் சிறுதட்டுகளுக்குள் இருக்கும், குடலில் இருந்து வந்தது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடையை அது தாண்டாது. இன்னொரு வேடிக்கை: செர்ட்ரலின் எடுப்பவரின் சிறுதட்டுகளில் செரட்டோனின் குறைந்துதான் இருக்கும், ஏனெனில் சிறுதட்டும் அதே வழியால்தான் அதை உள்ளே இழுக்கிறது, மருந்து அந்த வழியை அடைத்துவிடும். மகன் கேட்ட பரிசோதனையைச் செய்து, 'குறைவு' என்று வந்து, அதற்காக மருந்தைக் கூட்டியிருந்தால் சோடியம் எங்கே போய் நின்றிருக்கும்!

செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதையும் அவருக்குச் சொன்னேன். 1952இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில், சயரோக வைத்தியசாலை ஒன்றில் இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். அந்த மருந்து செரட்டோனின், நோர்அட்ரினலின், டோபமின் மூன்றையும் சிதைக்கும் நொதியத்தை முடக்குகிறது என்று தெரியவந்தது. எதிர்ப்பக்கத்தில் ரெசர்பின். நம் பக்கத்துச் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. அந்த வேரைப் பிரஷருக்குக் கொடுத்த அனுபவத்தை பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் எழுதிய பிறகுதான் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. ரெசர்பின் அதே மூன்று கடத்திகளையும் நரம்பு முனைகளிலிருந்து காலியாக்கும். எடுத்த சிலர் சோர்ந்து போனார்கள். கூட்டினால் உற்சாகம், குறைத்தால் சோர்வு. 1965இல் அமெரிக்காவின் ஜோசப் ஷில்ட்கிராட் நோர்அட்ரினலினை முன்வைத்து இதை ஒரு கருதுகோளாக்கினார். 1967இல் பிரித்தானியாவின் அலெக் கொப்பன் செரட்டோனினை முன்னால் கொண்டுவந்தார். ஷில்ட்கிராட்டே இது மிகச் சிக்கலான ஒன்றை மட்டுமீறி எளிமையாக்குவது என்று அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வரியை மறந்துவிட்டு மிச்சத்தைத்தான் பிறகு விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன.

அதற்குள்ளேயே ஓட்டைகள் இருந்தன. அதே ரெசர்பினை 1955இல் லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெறுங்குளிசை (மருந்தே இல்லாத குளிசை) எடுத்தவர்களைவிட அவர்கள் தேறினார்கள். செரட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோபானை உணவிலிருந்து எடுத்துவிட்டால், நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் பெரும்பாலும் சோர்வதில்லை; செரட்டோனின் மருந்தால் தேறியவர்களில் பலருக்குத்தான் சில மணி நேரத்துக்குச் சோர்வு திரும்புகிறது. 2022இல் ஜோவானா மொன்கிரீஃபும் குழுவினரும் இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களில் செரட்டோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். எங்கள் துறையில் பலருக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு மருந்தைத் திடீரென்று நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அது வேறு தலையிடி. மருந்து வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. 2018இல் 522 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 21 மனச்சோர்வு மருந்துகளும் வெறுங்குளிசையை விட மேல் என்று வந்தது. பெரும்பாலானவற்றில் வித்தியாசம் மிதமானது.

"அப்ப மருந்து வேலை செய்யுது, ஆனா குறைவில்லை எண்டால் எப்பிடி டொக்டர்?" என்றார் மகன். கறியில் உறைப்புக் கூடினால் தேங்காய்ப்பால் விட்டு அடக்குகிறோம். உறைத்ததற்குக் காரணம் தேங்காய்ப்பால் குறைவு என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. அவர் சிரித்தார். அம்மாவின் சமையல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இந்த நோயாளி விஷயத்தில் 'குறைவு' என்ற எண்ணத்தின் உண்மையான தீங்கு, அது எப்போதும் கூட்டச் சொல்கிறது என்பதுதான். இன்னொரு குளிசை, இன்னும் கொஞ்சம் அளவு, ஒரு கப்சூல். இவருக்குத் தேவைப்பட்டது கழித்தல். எந்தக் கடத்தியை எந்த மருந்து எங்கே தொடுகிறது என்ற அறிவு எதைக் கழிக்கலாம் என்று சொல்லித் தந்தது. நரம்புக்கடத்திகளைப் பற்றிப் படித்ததற்கு என் அன்றாட வேலையில் கிடைக்கிற பெரிய பிரயோசனம் இதுதான் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு 'உங்களுக்கு இது குறைந்துவிட்டது' என்று கதை சொல்வதற்கு அது உதவாது.

கழித்தது

செர்ட்ரலினும் தயசைட்டும் அன்றே நிறுத்தம். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லீட்டருக்கு உள்ளே. சோடியத்தை ஏற்றுவதில் அவசரம் கூடாது. 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் ஏறாமல் பார்ப்பது எங்கள் வழக்கம். வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, திரும்பாத பாதிப்பு வரலாம். அடுத்த நாள் 127, மூன்றாம் நாள் 132, வீட்டுக்குப் போகும்போது 137. மூன்றாம் நாள் காலையில் பேரப்பிள்ளையைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டிமென்ஷியாப் பயம் அத்தோடு தீர்ந்தது. பிரஷருக்குத் தயசைட்டுக்குப் பதில் அம்லோடிப்பின்.

சின்னரிசினையும் நிறுத்தினோம். எதிர்பார்த்தபடியே அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லாட்டி தலை சுத்தும் பிள்ளை" என்றார். சுற்றத்தான் சுற்றியது. கட்டிலில் வலப்பக்கம் திரும்பினால் மட்டும், அரை நிமிடத்துக்கும் குறைவாக. தலையைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தபோது கண்கள் துள்ளின. உட்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வரும் சுற்று அது. காது மூக்குத் தொண்டைப் பிரிவில் தலையைப் படிப்படியாகத் திருப்பிச் செய்யும் எப்லி முறையை இரண்டு தடவை செய்தார்கள், நின்றுவிட்டது. இரண்டரை வருடத்துக்கு முன் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம்.

மிச்சமிருந்தது

நான்கு கிழமை கழித்து கிளினிக்கில் பார்த்தபோது நடை கொஞ்சம் இலகுவாகியிருந்தது. அளவுகோலில் 12 இருந்தது 9 ஆகியிருந்தது. மருந்துகளைக் கழித்தாலே மனச்சோர்வு முழுதாகப் போய்விடும் என்று மகள் நம்பியிருந்தார்; நான் நம்பவில்லை. விடிய மூன்று மணி முழிப்பு அப்படியே. சாப்பாடு இறங்கவில்லை. கணவர் போனது சின்னரிசினுக்கு முந்தியது. நாலாம் மாடியில், மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் மாலை வரை தனியே இருப்பதை எந்த ஏற்பியும் விளக்காது.

மிர்ட்டசப்பினைத் தெரிவுசெய்தோம். சோடியத்தைக் குறைக்கும் அபாயம் செரட்டோனின் மருந்துகளை விட இதில் குறைவு. பூச்சியம் இல்லை, அதனால் இரண்டாம் கிழமை மீண்டும் பார்த்தோம், 136. இது வேலை செய்யும் விதம் வேறு. நோர்அட்ரினலின் நரம்புகளுக்குத் தங்கள் வெளியீட்டைத் தாங்களே அடக்கும் ஆல்பா-2 என்ற ஏற்பி இருக்கிறது. மிர்ட்டசப்பின் அதைத் தடுக்க, நோர்அட்ரினலினும் கொஞ்சம் செரட்டோனினும் கூடுதலாக வெளிவரும். குமட்டலை உண்டாக்கும் செரட்டோனின் ஏற்பியையும் மறிக்கும். கூடவே ஹிஸ்டமினைப் பலமாக மறிக்கும். அதனால் தூக்கம், பசி. 7.5 மில்லிகிராமில் இரவில் தொடங்கி 15க்குப் போனோம்.

இரண்டாம் நாளே நல்ல நித்திரை. மகள் தொலைபேசியில், "மருந்து வேலை செய்திட்டுது டொக்டர்!" என்றார். அது ஹிஸ்டமினை மறிப்பதன் வேலை, மனச்சோர்வு இன்னும் அங்கேயேதான் இருக்கும், ஐந்தாறு கிழமை பொறுங்கோ என்று சொல்லி வைத்தேன். சொல்லி வைக்காவிட்டால் மூன்றாம் கிழமை நம்பிக்கை உடையும். நரம்பிணைப்பில் கடத்திகளின் அளவு சில மணி நேரத்தில் மாறிவிடுகிறது. மனம் மாறக் கிழமைகள் ஆகின்றன. இந்த இடைவெளி ஏன் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. ஏற்பிகள் மெல்லப் பழகுவது ஒன்று, நரம்புகள் புதிய கிளை விடுவதற்கு வேண்டிய வளர்ச்சிப் புரதங்கள் கூடுவது இன்னொன்று. எனக்குப் பிடித்தது ஒக்ஸ்ஃபோர்டின் கத்தரின் ஹார்மர் குழுவினரின் வேலை. மருந்து எடுத்த முதல் நாட்களிலேயே பிறர் முகங்களில் எதிர்மறையானதை மட்டும் தேடிப் பிடிக்கும் சாய்வு குறைகிறது; ஆனால் அந்தப் புதிய பார்வையோடு நாலு பேரைச் சந்தித்துப் பழகினால்தான் மனநிலை மாறும் என்கிறார்கள். அப்படியென்றால் மருந்து எடுத்துக்கொண்டு நாலாம் மாடியிலேயே இருப்பதில் பயன் குறைவு.

அதனால் மாலை ஐந்து மணிக்குக் கடற்கரை வரை நடை, மனம் வந்தாலும் வராவிட்டாலும். மனம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது என்பதை அம்மாவுக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. நாடும் மனம் செய்த பிறகுதான் வரும். இரண்டாம் மாடியில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கணத்தில் திண்டாடிக்கொண்டிருந்தது. மருமகன் யாரையும் கேட்காமல் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்துவிட்டார். எங்கள் சிகிச்சைத் திட்டத்தில் இல்லாத, ஆனால் திட்டத்திலிருந்த பலவற்றை விட நன்றாக வேலை செய்த காரியம். முதல் நாள் புணர்ச்சி விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு அடிப்படையே இல்லை" என்று மகளிடம் ஏசினாராம். கோபம் வந்தது நல்ல சகுனம் என்றேன்.

கேட்டமின் பற்றியும் மகன் கேட்டார். குளூட்டமேட் கடத்தியின் ஒரு ஏற்பியை மறித்து, சில மணி நேரத்திலேயே சோர்வைக் குறைக்கும் மருந்து. 2000இல் முதல் சிறு ஆய்வு, 2019இல் அதன் ஒரு வடிவத்துக்கு அமெரிக்காவில் அனுமதி. அதே வருடம் காபா கடத்தி வழியாக வேலை செய்யும் பிரெக்ஸனலோன் பிரசவத்துக்குப் பிந்திய சோர்வுக்கு அனுமதி பெற்றது. கதை மூன்று கடத்திகளோடு நிற்கவில்லை என்பதற்கு இவை சாட்சி. ஆனால் இரண்டு மருந்துகளுக்குப் பதில் தராதவர்களுக்கானது கேட்டமின், பிரஷரையும் ஏற்றும். அம்மாவுக்கு அந்தப் பக்கம் போகத் தேவையிருக்கவில்லை.

பின்தொடர்வு

மிர்ட்டசப்பினின் எட்டாம் கிழமையில் அளவுகோலில் 4. எடை மூன்று கிலோ கூடியிருந்தது, அதனால் சீனியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சாவைப் பற்றிக் கேட்டபோது, "பேத்தி கம்பசுக்குப் போறதைப் பாத்திட்டுப் போவம்" என்றார். கணவரைப் பற்றிப் பேசும்போது அழுதார். முதல் சந்திப்பில் அந்த முகத்தால் அழ முடியவில்லை. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றாலும் வயதைப் பார்த்து, முழுதாகத் தேறிய பிறகு குறைந்தது ஒரு வருடம் மருந்தைத் தொடர்வது, பிறகு கிழமைக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவு. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருக்கிறோம்: தயசைட் தவிர்க்கவும், சின்னரிசின், புளுனாரிசின், மெட்டோக்குளோப்பிரமைட் தவிர்க்கவும். மெட்டோக்குளோப்பிரமைடும் டோபமினை மறிக்கும், வாந்திக்கு எங்கு போனாலும் எழுதிக் கொடுக்கப்படுவது. மகளிடம் அதே பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது, மருந்துக்கடையில் காட்டுவதற்கு.

சின்னரிசின் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. வலது கை நன்றாக வீசுகிறது. இடது கை இன்னும் முழுதாக வீசவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்த இறுக்கம் இப்போது இடப்பக்கம் மட்டும் மெல்லிதாக மிஞ்சியிருக்கிறது. மருந்தால் வந்த பார்கின்சன் நிலை பெரும்பாலானவர்களில் இந்தக் காலத்துக்குள் கலைந்துவிடும். சிலரில் மருந்து, உள்ளே தொடங்கியிருந்த உண்மையான நோயை முன்கூட்டி வெளியே காட்டிவிட்டிருக்கும். ஏலக்காய் மணம் இன்னும் தெரிகிறது. அடுத்த மாதம் நரம்பியல் கிளினிக்கில் திகதி எடுத்திருக்கிறோம்.